உதவி வந்துகொண்டிருக்கிறது

ஆபீஸில் எனக்குச் 'சந்தேகம்' என்று பெயர். வைத்தவன் பக்கத்து மேஜைக்காரன். பதிலுக்கு நான் அவனுக்குப் 'பச்சை' என்று வைத்தேன். அவன் தலைக்கு மேலே ஒரு பெரிய திரை தொங்குகிறது. எங்கள் கம்பெனி சாமான்கள் ஒழுங்காக ஓடினால் அதில் கட்டம் கட்டமாகப் பச்சை எரியும். பச்சை எரிந்துவிட்டால் அவனுக்கு உலகத்தில் ஒரு குறையும் கிடையாது. எனக்கு நேர்மாறு. எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்தால்தான் பயம் வரும். எங்கேயோ ஏதோ ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருக்கிறது என்று தோன்றும்.

பதினாறு வருடமாக புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன். அதனாலேயே என் வீட்டில் சாவி போட்டுத் திறக்கிற பூட்டுதான். கையால் தட்டினால் எரிகிற விளக்குதான். பேசினால் பதில் சொல்லும் பெட்டி எதையும் வாசற்படி ஏற விட்டதில்லை. வேண்டியவர்கள் போன் நம்பர் எல்லாம் மனப்பாடம். என் கட்சி ரொம்பச் சின்னது. மிக்ஸி கெட்டுப்போனால் சுற்றாது. குழாய் கெட்டுப்போனால் ஒழுகும். கெட்டுப்போனேன் என்று அதுவே சொல்லிவிடும். நாங்கள் எழுதுகிற சாமான் மட்டும்தான் கெட்டுப்போன பிறகும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். இதை நான் கல்யாண வீட்டிலும் சொல்வேன், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் சொல்வேன். "நீ டாக்டரா ஆகியிருந்தா ஒருத்தருக்கும் மாத்திரையே எழுதிக் குடுத்திருக்க மாட்டேக்கா" என்பான் தம்பி.

அப்பாவுக்கு எங்கள் கம்பெனியின் கைப்பட்டையை வாங்கியவன் அவன்தான். அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது எழுபத்தாறு. அம்மா போன பிறகு மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். தம்பி இரண்டு மணி நேரத் தூரத்தில். நான் இதே ஊரில், ஆனால் மறுகோடியில். பட்டையைக் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் உதவி மையத்தில் இருக்கிறவர்கள் உடனே கூப்பிடுவார்கள். எனக்கும் தம்பிக்கும் செய்தி வரும். மற்ற நேரத்தில் எங்கள் போனில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அப்பா சௌக்கியம் என்றால் பச்சை.

"விழுந்தா கூப்பிடும்னு ஒரு ரப்பர் பட்டையை நம்பறதுக்கு, நீ ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கூப்பிட்டுப் பேசு" என்றேன்.

"உன் கம்பெனி சாமான்தானேக்கா? நீ எழுதினதை நீயே நம்பலன்னா எப்படி?"

"எழுதினதாலதான் நம்பல."

வாக்குவாதத்தில் நான் தோற்றுப்போனேன். அப்பா முதலில் முறுக்கிக்கொண்டு நின்றார், பிறகு திடீரென்று கட்டிக்கொண்டார். தம்பி ஏதோ பேசி மசியவைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதுவரை தினமும் காலையில் எட்டரை மணிக்கு அப்பாவுக்குப் போன் பண்ணுவேன். "என்னப்பா?" "என்ன, இருக்கேன்." "சாப்டாச்சா?" "ஆச்சு, வை." நாற்பது வினாடிகூட இராது. பட்டை வந்த பிறகு ஒருநாள் மீட்டிங்கில் இருந்தபடி புள்ளியை மட்டும் பார்த்தேன். பச்சை. மறுநாளும் பார்த்தேன். மூன்றாவது மாதம் வாரத்துக்கு ஒரு தடவைதான் போன் என்று ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவள் நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு மேல் பச்சை என் பக்கம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். புரோகிராமில் சேர்ந்திருந்த பழைய குப்பையைத் துப்புரவு பண்ணும் வேலை அவனிடம் இருந்தது.

"இந்த ஃபைல்ல ஏழு போன் நம்பர் இருக்கு. ஆறு வருஷமா யாரும் தொடல. நீ ஆரம்பிச்சதுதான். தூக்கிடவா?"

நான் காபியைக் கலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். மேலே 'தற்காலிகம்' என்று நான் எழுதிய தலைப்பு. எங்கள் தொழிலில் தற்காலிகம் என்று எழுதி வைத்ததற்கு மட்டும் சாவே கிடையாது. அதற்குக் கீழே முதல் நம்பர். கடைசி நாலு இலக்கம் படிக்கும் முன்பே கை நின்றுவிட்டது. அப்பா நம்பர்.

ஆறு வருடத்துக்கு முன் இந்த புரோகிராமின் முதல் பகுதியை நான்தான் எழுதினேன். செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க ஒரு நம்பர் தேவைப்பட்டது. விரலுக்குத் தெரிந்த நம்பரை அடித்தேன். ஒரு வாரம் முழுக்க அப்பாவின் போனில் 'உங்கள் உறவினர் உதவி கேட்கிறார்' என்று ஒரு நாளைக்கு நாற்பது செய்தி. அவர் உடனே கூப்பிடுவார்.

"யாரும்மா கேக்கறது?"

"யாரும் இல்லப்பா. டெஸ்ட்."

"கேக்காதவங்களுக்கு எதுக்கு ஆள் அனுப்பறீங்க?"

எட்டாவது நாள் தொல்லை தாங்காமல் இந்த ஃபைலை எழுதினேன். இதில் உள்ள நம்பர் சம்பந்தமாக எது வந்தாலும் அது சோதனை. ஒருவருக்கும் சொல்லாதே. சொல்லியாகிவிட்டது என்று மட்டும் பதில் கொடு. அவ்வளவுதான் அதில் இருந்தது. மற்றவர்களும் அவரவர் வீட்டு நம்பரைச் சேர்த்தார்கள். பிறகு எல்லோரும் மறந்துபோனோம்.

மூன்று மாதத்துக்கு முன் தம்பி பட்டையைப் பதிவு பண்ணியதும் அதே நம்பரில். ஃபைலும் என் மண்டைக்குள்தான் இருந்தது, பட்டையும் என் மண்டைக்குள்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"இரு, தூக்காதே" என்றேன். அந்த நம்பரிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பதிவேட்டில் தேடினேன். ஒன்றும் இருக்காது, பார்த்துவிட்டு நம்பரை எடுத்துவிடலாம், மானம் போகாமல் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

பதினோரு வரி வந்தது. எல்லாமே அன்று காலையில். முதல் வரி ஒன்பது மணி நாலு நிமிஷம். பொத்தான் அழுத்தப்பட்டது. சோதனை. பதில் கொடுத்தாகிவிட்டது. அடுத்தது ஒன்பது ஆறு. ஒன்பது பத்து. கடைசி வரி பத்து ஐம்பது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மணி அப்போது பதினொன்று நாற்பது.

"யாரு டெஸ்ட் பண்றாங்க?" என்றான் பச்சை.

"எங்கப்பா" என்றேன்.

அவன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபடியே எதிர் மேஜைக்காரியிடம், "அந்த ஏழு நம்பரையும் இப்பவே எடு. யார்கிட்டயும் அனுமதி கேட்டுட்டு நிக்காதே" என்றான். நான் அப்பாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை லிஃப்டுக்குள் இருந்ததால் அதுவே அறுந்தது. ஐம்பது நிமிஷமாக ஏன் அழுத்தவில்லை? அலுத்துப்போய் விட்டுவிட்டாரா, எழுந்துவிட்டாரா, இல்லை அழுத்த முடியவில்லையா? கீழே இறங்குவதற்குள் இதே மூன்றையும் நூறு தடவை கேட்டுவிட்டேன்.

பைக் கிளம்பும் முன் ஆம்புலன்ஸுக்கு விலாசம் சொன்னேன். பிறகு தம்பியைக் கூப்பிட்டேன்.

"அப்பா கீழ விழுந்துட்டார்னு நெனைக்கறேன். கிளம்பி வா."

"பச்சையாத்தானே இருக்கு? இப்பதான் பார்த்தேன். நீ சும்மா பயந்து என்னையும் பயமுறுத்தாதேக்கா."

"அந்தப் பச்சையை நம்பாதே."

"எப்பப் பாரு இதே பாட்டுதானா உனக்கு?"

ஏன் நம்பக்கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. கிளம்பி வா என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பச்சை பைக்கின் முன்னால் போனை மாட்டி, அது காட்டிய வழியில் போனான். பத்தொன்பது நிமிஷம் என்றது. பாலத்துக்கு முன்னால் அது நேராகப் போ என்றது. "லெஃப்ட்ல திரும்பு, எனக்குத் தெரியும், நான் பிறந்து வளர்ந்த ஏரியா" என்று கத்தினேன். திரும்பினான். முந்நூறு அடி தள்ளி ரோட்டைக் குறுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குழாய் போடுகிறவர்கள் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார்கள். திரும்பி வந்து பழைய வழியைப் பிடிக்க ஐந்து நிமிஷம். அவன் திட்டியிருந்தால் தேவலை.

சிக்னலில் நின்றபோது கையில் இருந்த போன் அதிர்ந்தது. 'உங்கள் உறவினர் உதவி கேட்கிறார்.' மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. நான் எழுதிய வாக்கியம்தான். எதிர் மேஜைக்காரி நம்பர்களை எடுத்துவிட்டாள். அப்பா பன்னிரண்டாவது தடவை அழுத்தியிருக்கிறார். அழுத்துவதற்கு ஒரு விரலும், அழுத்த வேண்டும் என்று ஒரு நினைப்பும் அங்கே இன்னும் இருக்கிறது. நடு ரோட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

உடனே தம்பி கூப்பிட்டான். "அக்கா, மெசேஜ் வந்துடுச்சு! உதவி மையத்துலேர்ந்தும் கூப்பிட்டாங்க. கிளம்பிட்டேன். உனக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?"

"வா, சொல்றேன்" என்றேன்.

அப்பா வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே போன் மூலம் திறக்கிற பூட்டைப் போடலாம் என்று தம்பி சொன்னபோது, திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைக்கிறாயா என்று கேட்டு விரட்டியதும் நான்தான். இன்னொரு சாவி தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மாவிடம் இருந்தது. அவர் நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. மாடிப்படி இறங்கினால் ஆளே நிற்கும்போது நம்பர் எதற்கு என்பது அப்பாவின் வாதம்.

நான் ஓடிப்போய் நின்றதும் தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பத்தான் வரியாம்மா? நீ காலையிலேயே வந்துட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்."

"காலையிலயா?"

"ஒம்பது மணிக்கு மேல தடால்னு ஒரு சத்தம். மேல ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். 'ஒண்ணுமில்லம்மா, வழுக்கிடுச்சு. என் பொண்ணு வந்துட்டிருக்கா'ன்னு உள்ளேர்ந்தே சொன்னார். சாவி கொண்டாந்து திறக்கட்டுமான்னு கேட்டேன். 'வேணாம், வேணாம், அவ வந்துடுவா'ன்னுட்டார். சரி, நீ வர்றியே, நான் வேற எதுக்கு நடுவுலன்னு இறங்கிட்டேன்."

பட்டன் டப்பாவைக் கவிழ்த்துச் சாவியைத் தேடிக்கொண்டே இதைச் சொன்னார். நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொத்தானை அழுத்தி, பதில் வந்தால் அந்தப் பட்டை ஒரு வாக்கியம் பேசும். 'கவலை வேண்டாம், உதவி வந்துகொண்டிருக்கிறது.' அதில் 'கவலை வேண்டாம்' என்பது வேண்டும் என்று மீட்டிங்கில் அரை மணி நேரம் சண்டை போட்டு வாங்கியவள் நான். விழுந்து கிடக்கிறவருக்கு முதலில் வேண்டியது தைரியம் என்று பெரிதாகப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தைரியத்தில்தான் அப்பா கதவுக்கு வெளியே நின்ற ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சாவி கிடைத்தது. மூன்று மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

அப்பா குளியலறையில் கிடந்தார். பாதி உடம்பு உள்ளே, தலை நடையில். இடுப்பில் ஈரத் துண்டு மட்டும். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது, அது இருக்க வேண்டிய மாதிரி இல்லை. உதடு நீலம். தொட்டால் தரையைவிட அவர் சில்லென்று இருந்தார். ஏன் தையல்காரம்மாவை உள்ளே விடவில்லை என்று அப்போது புரிந்தது. சட்டைப் பொத்தான் போடாமல் தபால்காரரிடம்கூடப் பேசாத மனுஷன்.

"அப்பா."

கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா" என்றார். "அது சொல்லிட்டே இருந்துச்சு, வருதுன்னு."

நான் படுக்கை விரிப்பு, போர்வை, என் துப்பட்டா எல்லாவற்றையும் அவர் மேல் போட்டேன். தூக்காதே, அவர்கள் வரட்டும் என்று பச்சை என் தோளைப் பிடித்து நிறுத்தினான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பலகையில் கட்டித் தூக்கியபோது அப்பா ஒரே ஒரு தடவை கத்தினார். பஸ் ஓட்டிய காலத்தில் யார் மேலும் குரல் உயர்த்தாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தச் சத்தத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். இடுப்பு மூட்டு உடைந்திருக்கிறது. ஆப்ரேஷன் பண்ணிவிடலாம். எலும்பைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை.

"மூணு மணி நேரம் ஈரத் தரையில கிடந்திருக்கார். இந்த வயசுல அதான் எனக்குப் பயம். ரெண்டு நாள் பார்க்கணும். உடனே ஏன் யாரையும் கூப்பிடல?"

பச்சை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி வந்ததும் வராததுமாக அப்பாவின் காலைப் போர்வையோடு பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு மேஜையில் கழற்றி வைத்திருந்த பட்டையை எடுத்தான். "ஒம்பது மணிக்கு விழுந்தவருக்குப் பன்னெண்டு மணிக்கு மெசேஜ் அனுப்புது இந்தச் சனியன். நீ அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டே. நான்தான் கேக்கல. உனக்கு மனசுல பட்டு நீ ஓடி வந்திருக்கே. நான் பச்சையா இருக்கு, பச்சையா இருக்குன்னு உன்கிட்டயே..."

அவன் அப்பாவின் அக்காவுக்குப் போன் போட்டு, நான் எப்படி முன்கூட்டியே உணர்ந்தேன் என்று ஒரு தடவை சொன்னான். சித்தப்பாவுக்குப் போட்டு மறுபடி சொன்னான். பதினாறு வருடமாக நான் சொல்லிவந்ததை முதல் தடவையாகக் குடும்பம் முழுக்க ஒத்துக்கொண்டது. சும்மா இருந்தால் போதும். பச்சை காட்டிக்கொடுக்கிறவன் இல்லை. ஃபைலை அழித்தாகிவிட்டது. அங்கே உட்கார்ந்து அப்படியும் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்பா லேசாகத் தலையைத் திருப்பினார். மருந்தில் நாக்கு குழறியது.

"அவனைத் திட்டாதே" என்றார் என்னிடம். நான் யாரையும் திட்டவில்லை. "அவன் கொண்டாந்து குடுத்தப்ப நான் கட்டிக்கவே இல்ல. உள்ள இருக்கறதை அக்காதாம்ப்பா எழுதினான்னு சொன்னான். அப்புறந்தான் கையை நீட்டினேன்."

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினான். நான் எழுந்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, அது கெட்டுப்போகல. நான் சொன்னபடிதான் செஞ்சுது" என்றேன். "முன்னாடி டெஸ்ட் மெசேஜ் வந்து உங்களைப் படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? அதை நிறுத்தறதுக்கு, உங்க நம்பர்லேர்ந்து எது வந்தாலும் யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான் எழுதி வெச்சேன். எடுக்க மறந்துட்டேன். நீங்க பதினோரு தடவை அழுத்தினதும் எங்கேயும் போகல. நான்தாம்ப்பா."

தம்பியின் கையில் பட்டை அப்படியே நின்றது. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டட்டும், மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளட்டும், எதையாவது செய்யட்டும் என்று நின்றேன்.

"அப்ப நான் அழுத்தினது உனக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா. பதினொண்ணே முக்காலுக்குத்தான் பார்த்தேன்."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூடத் தெரியாது."

அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. ஊசி போட்டிருந்த கையைக் கம்பிப் பக்கம் நகர்த்தி என் விரலைத் தேடிப் பிடித்தார்.

"பத்துத் தடவைக்கு மேல, தெரிஞ்சும் வரலையோன்னு நெனச்சுட்டேம்மா."